காவடிச் சிந்தை ஐந்து கோட்டில் எழுதும்போது பார் கோடு எங்கே விழ வேண்டும்?

கேள்வி இது. மொரீஷியஸில் கோவில் பிள்ளைகள் சிலர் தைப்பூசக் காவடிக்கு ஒரு சிந்துப் பாட்டைச் சேர்ந்து வாசிக்கப் போகிறார்கள். ஒரு பிள்ளை கீபோர்டு, இரண்டு பேர் வயலின், மற்றவர்கள் பாட்டு. பாட்டு வகுப்பு நோட்டில் ஸரிகம எழுத்தில் இருந்ததை ஒரு பிள்ளையின் தாயார் மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் ஐந்து கோட்டு நொட்டேஷனாக மாற்றியிருக்கிறார். கணினி பக்கம் முழுக்க "3" என்று போட்டுத் தள்ளுகிறது. வயலின் பிள்ளைகள் பாட்டில் இல்லாத இடத்தில் அழுத்துகிறார்கள். பாட்டு நோட்டில் இருக்கிற | கோடும் || கோடும் ஐந்து கோட்டில் கட்டம் பிரிக்க வரும் பார் கோடும் ஒன்றுதானா, அப்படியே எடுத்துப் போடலாமா என்பது அவர் கேட்பது.

ஒன்றல்ல. அப்படியே எடுத்துப் போட்டதால்தான் பாதிச் சிக்கல் வந்திருக்கிறது.

பாட்டு நோட்டில் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, இப்படி இருக்கும்:

ஸ ரி க ம | ப த | நி ஸ ||

தட்டி விரல் எண்ணும் அங்கமான லகுவின் 4 அட்சரம் (எண்ணிக்கை) முடிந்ததும் ஒரு கோடு. தட்டி வீசும் அங்கமான முதல் திருதத்தின் 2 அட்சரம் முடிந்ததும் இன்னொன்று. இரண்டாம் திருதமும் முடிந்து ஆவர்த்தனம் நிறைந்ததும் இரட்டைக் கோடு. இந்தக் கோடுகள் கைக்குச் சொல்லும் செய்தி: இங்கே விரல் எண்ணிக்கை முடிகிறது, இங்கே தட்டி வீச வேண்டும். கட்டங்கள் சமமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 4, 2, 2 என்று இருக்கலாம். கோட்டுக்கு அடுத்த ஸ்வரத்தை ஓங்கிப் பாடு என்று அது சொல்வதும் இல்லை. சமம் என்பது தாளச் சுற்று திரும்பி வந்து சேரும் இடம். அங்கே அழுத்துவதா மிதப்பதா என்பதைச் சாகித்யமும் பாடுபவரும் தீர்மானிப்பார்கள்.

ஐந்து கோட்டில் நிலைமை வேறு. டைம் சிக்னேச்சரில் (தொடக்கத்தில் வரும் தாள எண்ணில்) மேலே 4, கீழே 4 என்று எழுதிவிட்டால், அது மாறும் வரை ஒவ்வொரு பாரும், அதாவது ஒவ்வொரு கட்டமும், 4 கிராச்செட் (இங்கே ஒரு தட்டு நீளக் குறி) அளவுதான். பார் கோட்டைத் தாண்டியதும் வருவது பலமான தட்டு என்பது எழுதப்படாத ஒப்பந்தம். 4/4ல் முதல் தட்டு பலம், மூன்றாவது அதைவிடக் கொஞ்சம் குறைவு, இரண்டும் நான்கும் லேசு. வயலின் கற்ற பிள்ளை பாரின் முதல் ஸ்வரத்துக்கு வில்லைக் கீழ்நோக்கி இழுக்கப் பழகியிருக்கும். இழுத்தால் இயல்பாகவே பலம் விழும். ஆகவே நீங்கள் கோட்டை எங்கே போடுகிறீர்களோ, அந்த இடத்தில்தான் அந்தக் கை விழும். பிள்ளை தப்பாக வாசிக்கவில்லை. தாளில் இருப்பதைச் சரியாகத்தான் வாசிக்கிறது.

இரட்டைக் கோட்டிலும் அதே குழப்பம். நம் நோட்டில் || என்றால் ஒரு ஆவர்த்தனம் முடிந்தது. ஐந்து கோட்டில் இரண்டு மெல்லிய கோடு சேர்ந்து வந்தால் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். பல்லவி முடிந்து சரணம் வரும் இடத்தில் அது பொருந்தும். ஒரு மெல்லிய கோடும் ஒரு தடித்த கோடும் சேர்ந்தால் உருப்படியே முடிந்தது. ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் இரட்டைக் கோடு போட்டால் வாசிப்பவருக்குச் சில நொடிக்கு ஒருமுறை புதுப் பகுதி வருவதாகத் தோன்றும். ஆவர்த்தனம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இப்போது "3" விஷயம். காவடிச் சிந்துகளில் நிறைய திசிர நடையில் ஓடுபவை. ஒவ்வொரு அட்சரத்துக்குள்ளும் த-கி-ட என்று மூன்று மாத்திரை. கணினி மென்பொருள் நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால் 4/4ல்தான் திறக்கும். 4/4ல் ஒரு தட்டு இரண்டாகவும் நான்காகவும்தான் இயல்பாகப் பிரியும். மூன்றாகப் பிரிக்க வேண்டுமென்றால் டிரிப்லெட் என்று தனியாக அறிவித்து மேலே 3 போட வேண்டும். எங்காவது ஒரு இடத்தில் வந்தால் சரி. பாட்டு முழுக்க மூன்று மூன்றாகவே போனால் டைம் சிக்னேச்சரே தப்பு என்று பொருள்.

சரியானது 6/8. இங்கே அடிப்படை அளவு கிராச்செட்டில் பாதியான குவேவர், ஒரு பாருக்கு ஆறு, அவை மூன்று மூன்றாகச் சேர்ந்து இரண்டு தட்டு. ஒரு அட்சரம் ஒரு புள்ளி வைத்த கிராச்செட், அதாவது மூன்று குவேவர். மொரீஷியஸின் செகா இசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை; அதன் தோல் வாத்தியமான ரவானில் அவர்கள் கேட்கிற அசைவை வழக்கமாக 6/8ல்தான் எழுதுகிறார்கள். செகாவும் காவடிச் சிந்தும் ஒரே இசை என்று சொல்ல வரவில்லை. எழுதும் கட்டம் ஒன்று, அவ்வளவே.

கணக்கையும் பார்த்துவிடுவோம். திசிர நடை ஆதி தாளம் 8 அட்சரம், 24 மாத்திரை. மாத்திரைக்கு ஒரு குவேவர் என்றால் 24 குவேவர். 6/8ல் நான்கு பார். அந்த நான்கில் முதல் இரண்டு பார் லகு, மூன்றாவது பார் முதல் திருதம், நான்காவது பார் இரண்டாம் திருதம். அங்கம் முடியும் இடமெல்லாம் பார் கோட்டிலேயே வந்து விழுகிறது. 12/8ல் எழுதினாலும் தப்பில்லை, இரண்டே பாரில் முடியும். ஆனால் இரண்டு திருதமும் ஒரே பாருக்குள் அடைபட்டுவிடும். நடுவில் புள்ளிக்கோடாக ஒரு பார் கோடு போட்டுப் பிரிக்க வேண்டி வரும். பிள்ளைகளுக்கு 6/8தான் நல்லது.

6/8க்குப் பதில் 3/4 போடுகிற தவறும் அடிக்கடி நடக்கிறது. இரண்டிலும் ஆறு குவேவர்தான், கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும், கணினியும் தடுக்காது. ஆனால் 3/4 என்றால் தக-தக-தக. 6/8 என்றால் தகிட-தகிட. முதலாவதில் 1, 3, 5ஆம் குவேவரில் தட்டு விழும், இரண்டாவதில் 1லும் 4லும். டைம் சிக்னேச்சரைப் பின்னம் என்று நினைத்து 6/8ஐச் சுருக்கினால் 3/4 என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது பின்னம் அல்ல. அதனால்தான் நல்ல அச்சில் நடுவே குறுக்குக் கோடு இருக்காது.

ஏற்கெனவே 4/4ல் டிரிப்லெட்டாக எழுதிவிட்ட கோப்பில் டைம் சிக்னேச்சரை மட்டும் 6/8 என்று மாற்றினால் சரியாகாது. டிரிப்லெட்டுகள் டிரிப்லெட்டுகளாகவே இருந்துகொண்டு புதுப் பாருக்குள் தவறாக அடுக்கப்படும். டிரிப்லெட் ஒன்று பார் கோட்டைத் தாண்டி விழும்படி ஆனால் மியூஸ்ஸ்கோர் மாற்றவே மறுக்கும். புதுக் கோப்பு திறந்து 6/8ல் முதலிலிருந்து அடிப்பதுதான் விரைவு. சிந்துப் பாட்டு ஒரு பக்கம்தான், பெரிய வேலையில்லை.

வேகத்தையும் அங்கேயே சரிபாருங்கள். கிராச்செட் 120 என்பதும் புள்ளி வைத்த கிராச்செட் 80 என்பதும் ஒரே ஓட்டம். இரண்டிலும் நிமிடத்துக்கு 240 குவேவர். அட்சரம் நிமிடத்துக்கு 80 என்று எண்ணி, புள்ளியை மறந்து கிராச்செட் 80 என்று போட்டால் 160 குவேவர்தான் வரும். பாட்டு மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் இழுபடும், காவடி நகராது.

அடுத்தது எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம். அழுத்தம் இடம் மாறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பாட்டு தாளத்தோடு சேர்ந்து எடுத்தால் சம எடுப்பு. முதல் ஸ்வரம் முதல் பாரின் முதல் குவேவர், சிக்கலே இல்லை. தாளம் தொடங்கியபின் பாட்டு எடுத்தால் அனாகதம். முதல் பாரில் அந்த இடைவெளிக்கு ஓய்வுக் குறி போட்டு, பிறகு ஸ்வரத்தை எழுதினால் போதும். சமத்துக்கு முன்பே பாட்டு எடுத்தால் அதீதம். இதற்கு ஐந்து கோட்டில் ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது: முதல் பார் முழுமையாக இருக்காது. ஒரு மாத்திரை முன்பே எடுக்கிற பாட்டு என்றால் முதலில் ஒற்றைக் குவேவர், உடனே பார் கோடு, அதற்குப் பிறகுதான் 1ஆம் பார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் இதைப் பிக்கப் என்பார்கள்.

இதைச் செய்யாமல் அந்த ஒற்றைக் குவேவரை 1ஆம் பாரின் முதல் இடத்தில் வைத்துவிட்டால், பாட்டு முழுவதும் ஒரு குவேவர் தள்ளிப்போகும். ஒவ்வொரு சமமும் பாரின் இரண்டாவது குவேவரில் உட்கார்ந்திருக்கும். கூட்டல் கணக்கில் கடைசி பார் வரை தவறே தெரியாது. கை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். சோதிக்க எளிய வழி: பாட்டைப் பாடிக்கொண்டே தாளம் போடுங்கள். தட்டு விழும் எழுத்தை எல்லாம் தாளில் பென்சிலால் சுழியுங்கள். சுழித்தவை பாரின் முதல் குவேவரிலோ நான்காவதிலோ இருக்க வேண்டும். எல்லாமே ஒரே அளவு தள்ளி இருந்தால் எடுப்பு தப்பு. முதலில் சரியாக இருந்து நடுவில் ஓரிடத்திலிருந்து தள்ளிப்போனால், அந்த இடத்தில் ஒரு கார்வையின் (ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவதன்) நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருக்கிறீர்கள்.

தமிழ்ப் பாட்டில் இன்னொரு துணையும் உண்டு. சிந்தில் சீரின் தொடக்கம் பெரும்பாலும் தட்டோடு சேரும். மோனை எழுத்துகள் தட்டில் வரிசையாக வந்து நிற்கும். உங்கள் தாளில் மோனை எழுத்துகள் பார் கோட்டுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். இது முடிவான சோதனை அல்ல, பாட்டைப் போட்டவர் வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கலாம். தாளம் போட்ட கைதான் முடிவு.

மியூஸ்ஸ்கோரில் புதுக் கோப்பு தொடங்கும்போதே பிக்கப் எவ்வளவு என்று கேட்கும். 1/8 என்று கொடுங்கள். மறந்துவிட்டால், முதல் பாரின் மேல் வலது சொடுக்குப் போட்டு மெஷர் பிராப்பர்ட்டீஸ் திறந்து, ஆக்சுவல் என்ற இடத்தில் 6/8ஐ 1/8 ஆக்கலாம். அதே பெட்டியில் அந்தப் பாரை எண்ணிக்கையில் சேர்க்காதே என்பதற்கு ஒரு தேர்வு இருக்கும், அதையும் போடுங்கள். பிக்கப்புக்குப் பார் எண் கிடையாது. அதற்குப் பின் வரும் முழுப் பார்தான் 1. ஒத்திகையில் "9ஆம் பாரிலிருந்து" என்றால் எல்லோர் தாளிலும் அது ஒரே இடமாக இருக்க வேண்டும் அல்லவா. பார் எண்கள் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இருந்தால் போதும், எல்லாப் பாருக்கும் வேண்டாம்.

பிக்கப் இருந்தால் கடைசிப் பாரில் அந்த அளவைக் குறைப்பது மரபு. முன்னே 1 குவேவர் வந்ததால் கடைசிப் பாரில் 5. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. மீண்டும் தொடக்கத்துக்குப் போகும்போது 5ம் 1ம் சேர்ந்து முழுப் பார் ஆகும், தாளம் அறுபடாது. பல்லவியைத் திரும்பப் பாடும் இடத்தில் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். திரும்பும் குறிக்கு முன் 6 குவேவரும் நிரப்பிவிட்டு, திரும்பிப் போய்ப் பிக்கப்பையும் வாசித்தால் ஒரு மாத்திரை கூடிவிடும். தவிலும் பாட்டும் பிரிந்துவிடும். தீர்வு இரண்டு. ஒன்று, திரும்பும் பாரை 5 குவேவரோடு நிறுத்துவது. மற்றது, திரும்பத் தொடங்கும் குறியைப் பிக்கப்புக்குப் பின்னால், 1ஆம் பாரின் தலையில் வைத்து, திரும்பும் பாரின் ஆறாவது குவேவராகப் பிக்கப்பை மறுபடி எழுதிவிடுவது. இரண்டாவதையே நான் சொல்வேன். எல்லாப் பாரும் முழுதாக இருக்கும், பிள்ளை எண்ணத் தடுமாறாது.

திரும்பும் குறி என்பது தடித்த கோடு, மெல்லிய கோடு, நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் இரண்டு புள்ளி. புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் உள்ள பகுதியைத் திரும்ப வாசிக்க வேண்டும். முடிவுக் குறியை மட்டும் போட்டுத் தொடக்கக் குறியை மறந்தால் வாசிப்பவர் உருப்படியின் தலைக்கே போய்விடுவார். இரண்டாம் முறை சங்கதி (அதே வரியைப் பாடும் போக்கு) மாறினால் மேலே 1., 2. என்று அடைப்புக் கோடு போட்டு இரண்டு முடிவுகளைத் தனித்தனியே எழுதலாம். சங்கதி நாலைந்து இருந்தால் அந்த அடைப்புகளில் சிக்கிக்கொள்ளாமல் முழுதாக விரித்து எழுதிவிடுங்கள். தாள் மலிவு. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்ப டா கபோ (தலையிலிருந்து) என்றும், பல்லவி முடிவில் ஃபீனே (முடிவு) என்றும் எழுதி அங்கே ஒரு இரட்டைக் கோடு போட்டால் போதும்.

கார்வை பார் கோட்டைத் தாண்டுவது அடுத்த தலைவலி. ஸரிகம எழுத்தில் இது ஒரு பொருட்டே இல்லை, "ப, |, ம" என்று எழுதினால் பஞ்சமம் கோட்டைத் தாண்டி நீள்கிறது என்று யாருக்கும் தெரியும். ஐந்து கோட்டில் ஒரு பாருக்குள் தொடங்கிய குறி அந்தப் பாருக்குள்ளேயே முடிந்தாக வேண்டும். பாரின் ஐந்தாவது குவேவரில் தொடங்கி 4 மாத்திரை நிற்கும் ஸ்வரம் என்றால், இந்தப் பாரில் ஒரு கிராச்செட், அடுத்த பாரில் ஒரு கிராச்செட், இரண்டையும் இணைத்து ஒரு வளைகோடு, அதாவது டை. வளைகோட்டை மறந்தால் கீபோர்டு பிள்ளை ஒரே ஸ்வரத்தை இரண்டு முறை தட்டும். பாரின் உள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், 6/8ல் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே. இரண்டாவது குவேவரில் தொடங்கி 4 மாத்திரை நிற்கும் ஸ்வரத்தை இரண்டு கிராச்செட் நீளமுள்ள ஒரு மினிமாக எழுதினால் கணக்கு சரி, வாசிக்கக் கடினம். கிராச்செட், டை, கிராச்செட் என்று எழுதினால் நான்காவது குவேவரில் விழும் தட்டு கண்ணில் படும். 4/4ல் அந்த மறைகோடு இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் இடையில்.

கமகத்துக்காக (ஸ்வர அசைவுக்காக) ஸ்லர், அதாவது வெவ்வேறு ஸ்வரங்களை இணைக்கும் வளைகோடு, போட்டால் அது பார் கோட்டைத் தாராளமாகத் தாண்டலாம். பார் கோடு மூச்சு விடும் இடம் அல்ல, வில்லை நிறுத்தும் இடமும் அல்ல. சின்னப் பிள்ளைகள் கோட்டைக் கண்டதும் ஒரு நொடி நிற்பார்கள். ஒவ்வொரு பாராகக் கற்றுக்கொடுத்தால் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பயிற்சி கொடுக்கும்போது எப்போதும் அடுத்த பாரின் முதல் ஸ்வரம் வரை வாசிக்கச் சொல்லி நிறுத்துங்கள், பாரின் கடைசி ஸ்வரத்தில் வேண்டாம்.

ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும் ஷார்ப், இறக்கும் ஃபிளாட் குறிகளுக்கும் பார் கோட்டுக்கும் உள்ள உறவைத் தெரியாமல் ராகத்தைக் கெடுத்துவிடுவது மிக எளிது. சாவிக் குறிக்கு (வரியின் தலையிலேயே போடும் ஷார்ப், ஃபிளாட்டுக்கு) வெளியே வழியில் வரும் ஒரு ஷார்ப்போ ஃபிளாட்டோ அவற்றை நீக்கும் நேச்சுரலோ, அந்தப் பாரின் முடிவு வரைக்கும், அதே உயரத்தில் உள்ள ஸ்வரத்துக்கு மட்டும் செல்லும். பார் கோடு வந்ததும் அது அழிந்துவிடும். காம்போஜி ராகத்தை 1 கட்டையில் (ஸ என்பது ஆங்கில சி) எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி) பி ஃபிளாட், அதைச் சாவிக் குறியிலேயே போட்டிருப்பீர்கள். "ஸ நி ப த ஸ" என்ற பிடியில் காகலி நிஷாதம் (உயர்ந்த நி) வரும். அங்கே நேச்சுரல் போடுவீர்கள். அதே பாரில் பின்னால் சாதாரண "நி த ப" வந்தால் அந்த நிஷாதத்துக்கு மறுபடி ஃபிளாட் போட வேண்டும். போடாவிட்டால் கீபோர்டில் அதுவும் காகலியாக ஒலிக்கும். பாடும் பிள்ளை காதால் திருத்திக்கொள்ளும். கீபோர்டு பிள்ளை தாளைத்தான் நம்பும். மாறாக, காகலி அடுத்த பாரிலும் வேண்டுமென்றால் நேச்சுரலைத் திரும்ப எழுத வேண்டும். இதற்கு ஒரே விலக்கு டை: கோட்டைத் தாண்டி நீளும் ஸ்வரத்துக்கு, நீளும் வரை, குறி செல்லும். மேல் ஸ்தாயியில் வரும் அதே ஸ்வரத்துக்கும் தனியாகக் குறி வேண்டும். தேவையில்லாத இடத்திலும் சந்தேகம் வருமென்றால் ஒரு நினைவூட்டுக் குறியைப் போட்டுவிடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மொரீஷியஸில் இதோடு ஒரு மொழிக் குழப்பமும் சேர்கிறது. தேர்வுப் புத்தகம் ஆங்கிலத்தில், வாத்தியார் பேசுவது பிரெஞ்சில். ஆங்கிலத்தில் பார் என்றால் இரண்டு கோட்டுக்கு நடுவே உள்ள கட்டம். பிரெஞ்சில் பார் என்றால் கோடு, கட்டத்துக்கு மெஸ்யூர். ஆங்கிலக் கிராச்செட் பிரெஞ்சில் நுவார். ஆனால் பிரெஞ்சுக் குரோஷ் என்பது அதில் பாதியான குவேவர். பிரெஞ்சில் "சி" என்றால் ஆங்கிலத்தின் பி. எழுதியவரும் வாசிப்பவரும் முதல் நாளே எந்தப் பெயர்கள் என்று பேசிக்கொள்ளாவிட்டால் ஒத்திகையில் ஒரு மணி நேரம் வீணாகும்.

சாகித்யத்தை ஸ்வரத்துக்குக் கீழே எழுதும்போது ஒற்றெழுத்தை முன் எழுத்தோடு சேர்த்துப் பிரியுங்கள்: கந்-த-னே, க-ந்த-னே அல்ல. சொல்லின் நடுவில் பார் கோடு விழலாம், சிறுகோடு அதைத் தாண்டிப் போகும். மியூஸ்ஸ்கோரில் சிறுகோட்டுக் குறி தட்டினால் சொல் தொடர்ந்தபடி அடுத்த ஸ்வரத்துக்கு நகரும், இடைவெளி தட்டினால் சொல் முடியும், ஒரே உயிர் பல ஸ்வரங்களுக்கு நீண்டால் அடிக்கோட்டுக் குறி. பாட்டுக்கு ஒரு வரிசை, கீபோர்டுக்கு இரண்டு வரிசை என்று இருந்தால், கீபோர்டின் இரண்டு வரிசைக்கும் பார் கோடு ஒன்றாக ஓட வேண்டும். பாட்டு வரிசையின் கோடு அதன் ஐந்து கோட்டோடு நிற்க வேண்டும். கீழே இறங்கினால் சாகித்யத்தை வெட்டும்.

பாடகர் தனியாக விருத்தம் பாடித் தொடங்கினால் அந்தப் பகுதிக்குப் பார் கோடே போடாதீர்கள். தாளம் இல்லாததைக் கட்டத்துக்குள் அடைத்தால் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். ஐரோப்பாவிலும் கோடு எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் லூட், கீபோர்டு ஏடுகளில் கண்ணுக்குத் துணையாக அது வந்தது, பாட்டுக்காரர்களின் தனி ஏடுகள் கோடில்லாமலே இருந்தன, சீரான இடைவெளியில் போடும் பழக்கம் 17ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது. கர்நாடக உருப்படிகளை ஐந்து கோட்டில் அடைக்கும் முயற்சியும் புதிதல்ல. 1890களில் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் அதை அச்சிலேயே செய்தார். 1904ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் தம் பெருநூலை அச்சிட்டபோது ஸரிகம எழுத்திலேயே நின்று, கமகத்துக்கும் தாளத்துக்கும் தனிக் குறிகளை வைத்துக்கொண்டார். கையில் ஐந்து கோடு வாசிக்கிற பிள்ளைகள் இருந்தால் முதலாவது வழி. எல்லோரும் பாட்டு வகுப்புப் பிள்ளைகள் என்றால் வீண் வேலை, ஸரிகமவே போதும்.

வேறு தாளத்தில் உருப்படி வந்தால்: சதுசிர நடை (அட்சரத்துக்கு நான்கு மாத்திரை) ஆதிக்கு 4/4, ஆவர்த்தனத்துக்கு இரண்டு பார், இரண்டாவதின் நடுவில் விரும்பினால் புள்ளிக்கோடு. கண்ட சாப்புக்கு 5/8, குவேவர்களை 2, 3 என்று சேர்த்துக் கட்டுங்கள். மிச்ர சாப்புக்கு 7/8, 3, 2, 2. சாப்புத் தாளங்களில் டைம் சிக்னேச்சர் பாதிதான் சொல்லும். குவேவர்களைச் சேர்த்து ஓடும் கட்டுக்கோடுதான் தட்டு எங்கே என்று காட்டும். ஏழையும் ஒரே கட்டாகக் கட்டினால் யாராலும் வாசிக்க முடியாது.

தீர்மானம் (மூன்று முறை வந்து முடிக்கும் தாளச் சொற்கட்டு) வைத்தால் ஒரு எச்சரிக்கை. 4/4ல் ஒரு பாருக்கு 16 செமிகுவேவர் (குவேவரில் பாதி). முதல் செமிகுவேவரை ஓய்வாக விட்டு, ததிங்கிணதொம் மூன்று முறை, 15; மொத்தம் 16, அடுத்த பாரின் தலையில் சமம். இதை ஐந்து ஐந்தாகக் கட்டினால் சொல்லுக்கு அழகாகத் தெரியும், தட்டு மறைந்துபோகும். டைம் சிக்னேச்சரை நடுவில் 5/16 என்று மாற்றுகிறவர்களும் உண்டு, அது இன்னும் மோசம். தாளம் மாறவில்லையே, சொல்தானே அதன் மேல் குறுக்கே ஓடுகிறது. நாலு நாலாகவே கட்டுங்கள், பார் கோட்டை நகர்த்தாதீர்கள், ஒவ்வொரு "த"வுக்கும் மேலே ஓர் அழுத்தக் குறி மட்டும் போடுங்கள்.

ஒருவர் முழுப் பார் சும்மா இருக்க வேண்டுமென்றால், 6/8 ஆனாலும் 3/4 ஆனாலும் செமிபிரீவ் (நான்கு கிராச்செட் நீள) ஓய்வுக் குறி ஒன்றுதான், பாரின் நடுவில். ஆறு குவேவர் ஓய்வாக நிரப்ப வேண்டாம். எட்டுப் பார் காத்திருக்க வேண்டுமென்றால் நீண்ட ஓய்வுக் குறி ஒன்றின் மேல் 8 என்று எழுதினால் போதும்.

ஆவர்த்தனம் கண்ணுக்குத் தெரிய ஒரு வழி சொல்கிறேன் என்றேன். ஒரு வரிக்குச் சரியாக நான்கு பார் வரும்படி வரியை உடையுங்கள். பிக்கப் இருந்தால் அது முதல் வரியின் தலையில் கூடுதலாக நிற்கட்டும். வரி தொடங்கும் இடமெல்லாம் சமம், நடுவில் லகு முடிவு. இரட்டைக் கோடு எதுவும் தேவையில்லை. கையால் எழுதுகிறவர்கள் நான்கு கட்டத்தையும் சம அகலத்தில் முதலிலேயே கோடு போட்டுவைக்காதீர்கள். மூன்றாவது கட்டத்தில் துரித காலம் வந்து இடம் போதாமல் போகும். அந்த வரியில் நெருக்கமான பார் எதுவோ அதற்கு இடம் விட்டு, ஸ்வரங்களை எழுதியபின் கோடு போடுங்கள். கோடு மேல் கோட்டில் தொடங்கிக் கீழ்க் கோட்டில் முடிய வேண்டும், ஸ்வரத்தின் தலையை ஒட்டக்கூடாது. ஃபிளாட், ஷார்ப் குறி எப்போதும் கோட்டுக்குப் பின்னால், தன் ஸ்வரத்துக்கு முன்னால். வெளிச்சம் குறைந்த இடத்தில் நின்று வாசிக்கப் போகிறார்கள் என்றால் ஐந்து கோட்டின் மொத்த உயரம் 7 மி.மீ.க்குக் குறையாமல் அச்சிடுங்கள். திருப்ப வேண்டிய பக்கம் பாரின் நடுவில் முடியாமல், வயலினுக்கு ஓய்வு வரும் பார் கோட்டில் முடியும்படி வையுங்கள்.